பல்லியம் பயிலும் சிறுவர்

சென்ற ஆண்டு ஆடித் திங்களில் ஒருநாள் மாலை, ஏனாத்தூரில் எம் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து பழைய நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த தெருவில் வாழும் நெசவாளர் ஒருவர் தம் மகனைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். சிறுவனுக்கு வயது ஒன்பது. நான்காம் வகுப்பில் படிப்பவன். அழுது அழுது அவன் கண்கள் சிவந்திருந்தன. தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. அதனைத் திண்ணைமீது வைத்தபோது 'ணங்' என்றோர் ஓசை எழுந்தது. பையினுள் இருந்தவை இரண்டு பித்தளைத் தாளங்கள்.

செய்தி இதுதான். அவன் பயிலும் பள்ளியில் அவ்வாண்டு சிறுவர்களைக் கொண்டு ஒரு பாண்டு வாத்தியக் குழு அமைத்தனர். ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் கொடியேற்றும் விழாவில் அக்குழு அணிவகுத்து இசைக்கவேண்டும் என்பது ஏற்பாடு. பெரிய முரசு உயரமான மாணவன் ஒருவனுக்குக் கிடைத்தது. சிறு முரசுகள் நால்வர்க்கும், ஊதுகுழல்கள் இருவர்க்கும் கிடைத்தன. எஞ்சி நின்றவன் கையில் தாளத்தைக் கொடுத்துவிட்டனர்.

“முரசுதான் வேண்டும் என்று கேட்டேன், தாத்தா, இந்தத் தட்டைக் கொடுத்துவிட்டார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள்” என்று சொல்லி, மீண்டும் விம்மினான் சிறுவன்.

தந்தை கூறியது வேறு: “ஐயா, இரண்டு தட்டுகளை மோதுவதற்கு ஒரு பயிற்சியா? நாள்தோறும் ஒரு மணி நேரம் இதிலே கழிகிறது. கணக்கிலோ இவன் பின்தங்கியிருக்கிறான். நிறுத்திவிடலாம் என்று எண்ணுகிறேன். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பையன் கேட்பான்.”

யான் உடனே விடை கூறவில்லை. இதனை ஒத்த வினா ஒன்று, ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் என் பொருட்டு என் பாட்டனாரிடம் எழுப்பப்பட்டது. அவர் ஒரே சொல்லில் விடை கூறிவிட்டார். அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

பாண்டு வாத்தியம் ஆங்கிலேயர் படைகளோடு நம் நாட்டிற்கு வந்தது. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் படைவீரர் இசைத்த மெட்டுகளை, அருகில் மணலியில் தங்கியிருந்த முத்துசாமி தீட்சிதர் தம் இளமையிற் கேட்டார். அவற்றுக்குப் பெரும்பாலும் வடமொழியிற் சொல் அமைத்து, ஏறத்தாழ நாற்பது சிறு பாடல்களாக்கினார். நோட்டுசுரப் பாடல்கள் என்பவை அவையே. கமகம் மிகாத நேரிய மெட்டுகள் ஆதலின், இன்றும் இளஞ்சிறார்க்குத் தொடக்கத்தில் அவற்றைக் கற்பிப்பவர் பலர். பின்னாளில் அவர் நம் காஞ்சியிலும் சில ஆண்டுகள் தங்கியிருந்தார். அவர் காலத்தில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரும் (1798–1832) மேனாட்டுக் கருவிகள் கொண்ட இசைக்குழு ஒன்றைத் தம் அரண்மனையில் வைத்திருந்தார். நம் பள்ளிச் சிறுவர் தோளில் மாட்டிக்கொள்ளும் முரசு, அக்குழுக்களின் பேரப்பிள்ளை எனலாம்.

ஆயின், பல கருவிகள் ஒருங்கு கூடி ஒலிக்கும் முறை நமக்குப் புதியதன்று. அதற்கெனத் தமிழில் ஒரு சொல்லே உண்டு. இயம் என்பது இசைக்கருவி. பல இயங்கள் கூடியது பல்லியம். சங்கப் புலவருள் நெடும்பல்லியத்தனார் என்னும் பெயருடையார் ஒருவர் இருந்தார். பல்லியம் இயக்கும் கூட்டத்தில் தோன்றியவர் போலும். புறநானூற்றில் அவர் பாடிய பாட்டும், யாழையும் சிறுபறைகளையும் கட்டி எடுத்துக்கொண்டு முதுகுடுமிப் பெருவழுதியைக் காணச் செல்வோம் என்று விறலியை அழைப்பதாகவே அமைந்துள்ளது.

பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்னும் பாட்டின் தொடக்கத்தைப் பாருங்கள். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர், தம் கருவிகளைப் பைகளில் இட்டுச் சுமந்து வருகின்றனர். கார்காலத்துப் பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவன போல அப்பைகள் தொங்கினவாம். முழவு, ஆகுளி, கொம்பு, யானையின் கைபோல் நெடியதொரு தூம்பு, குறுந்தூம்பு, குழல், பதலை என்று புலவர் வரிசையாகக் கூறிச் செல்கிறார். அவ்வரிசையில் பாண்டில் என்பதும் ஒன்று. உருக்கிய வெண்கலத் தகட்டாற் செய்த தாளமே பாண்டில். நெடிய தூம்பும் பெரிய முழவும் இருக்க, இச்சிறு தட்டை எதற்கு என்று பெருங்கௌசிகனார் அதனை விட்டுவிடவில்லை. செங்கண்மாவாகிய செங்கம் நமக்கு நெடுந்தொலைவில் இல்லை. ஆகவே நம் வட்டாரத்துச் சாலைகளில் தாளத்தைப் பையிலிட்டுச் சுமந்து சென்ற முதற் சிறுவன், இத்திண்ணையில் நின்று அழுதவன் அல்லன்.

பல்லியத்தில் எக்கருவி எதன்பின் செல்லவேண்டும் என்பதற்கும் முறை உண்டு. சிலப்பதிகார அரங்கேற்று காதையில், மாதவியின் நாட்டியத்திற்குக் கருவிகள் இயங்கிய வகையை இளங்கோவடிகள் கூறுகிறார். குழல் முன் செல்கிறது. அதனை யாழ் பற்றிச் செல்கிறது. யாழின் வழியே தண்ணுமை நடக்கிறது. தண்ணுமையின் பின் முழவு வருகிறது. முழவோடு ஆமந்திரிகை கூடி நிற்கிறது. யாரும் யாரையும் முந்தவில்லை. அக்காதையிலே தண்ணுமை ஆசிரியனின் தகுதியைக் கூறும் பகுதி எனக்கு மிகவும் உவப்பானது. வேகமாக முழக்குபவன் என்றோ, ஓங்கி முழக்குபவன் என்றோ அடிகள் அவனைப் புகழவில்லை. யாழும் குழலும் பாடுவோர் மிடறும் செவியில் இனிது விழும்படி, தன் ஓசையைக் கூட்டவும் அடக்கவும் அறிந்தவன் என்கிறார். முரசடிக்க ஆசைகொள்ளும் எந்தச் சிறுவனும் முதலிற் கற்கவேண்டுவது இதுவன்றோ? ஆனால் இதனை முரசைக் கையிற் கொடுத்துக் கற்பிப்பது அரிது. கையில் முரசு இருக்கும்போது செவி மூடிக்கொள்கிறது. பெரியோர்க்கும் அப்படித்தான்.

இனி, நம் கோயில் மேளத்தைக் காண்போம். பெரிய மேளம் எனப்படும் அக்குழுவில் உறுப்புகள் நான்கு: நாகசுரம், தவில், ஒத்து, தாளம். நாகசுரமும் தவிலும் எல்லாரும் அறிந்தவை. ஒத்து என்பது நாகசுரம் போன்றே நீண்ட குழல். ஆனால் இசை வேறுபாட்டிற்கு விரல்வைக்கும் துளைகள் அதற்கு இல்லை. ஆதார சுருதி ஒன்றை மட்டும் அது இடையறாமல் ஒலிக்கும். இக்காலத்தில் சுருதிப் பெட்டி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒத்து ஊதுவோரைக் காண்பது அரிதாகிவிட்டது. “அவனுக்கு இவன் ஒத்து ஊதுகிறான்” என்று உலக வழக்கில் இகழ்ச்சியாகச் சொல்கிறோம். அவ்வாறு சொல்வோர் ஒருநாளேனும் ஒத்து ஊதிப் பார்த்தவர் அல்லர்.

மேளக்காரர் வீடுகளில் பிள்ளையைத் தொழிலில் இறக்கும் முறை வியப்பானது. வாய்ப்பாட்டாகச் சரளி வரிசையும் சண்ட வரிசையும் ஒருபுறம் நடக்கும். மாயாமாளவகௌளை இராகத்தில் தொடங்கி மூன்று காலத்திலும் பாடவேண்டும் என்பது புரந்தரதாசர் காலந்தொட்டு வரும் நெறி என்பர். நாகசுரச் சக்கரவர்த்தி எனப்பட்ட திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளையும் (1898–1956) முதலில் வாய்ப்பாட்டுப் பயின்ற பின்னரே குழலைத் தொட்டார். வீட்டில் இப்பாடம் நடக்கும்போதே, பிள்ளையைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று பெரியவர்களின் பக்கத்தில் நிறுத்திக் கையில் தாளத்தைக் கொடுத்துவிடுவர். பின்னர் ஒத்து. நாகசுரமோ தவிலோ அதன்பின்புதான்.

இஃது எளிய வேலையைச் சிறுவன் தலையிற் கட்டும் தந்திரமன்று. தாளம் பிடிப்பவன் குழுவின் நடுவில் நிற்கிறான். திருவீதி உலாவில் சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி முழங்கும். வித்துவான் அதனை முதற்காலத்தில் வாசித்து, இரண்டாம் காலத்தில் இரட்டித்து, மூன்றாம் காலத்தில் மேலும் இரட்டிப்பார். தவில் அதற்கேற்பப் பொறி பறக்கும். இத்தனை ஆரவாரத்திலும் தாளம் மட்டும் தன் நடையை மாற்றலாகாது. இருபுறமும் வேகம் தன்னை இழுக்க, இழுபடாமல் நிற்கும் ஆற்றல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எளிதில் வருமா? ஓராண்டு அங்கு நின்றவனுக்கு வரும். அவ்வோராண்டில், தான் ஒரு சுரமும் ஊதாமலே பல நூறு உருப்படிகள் அவன் செவி வழியே உட்புகுந்துவிடும். பிற்காலத்தில் குழலைக் கையில் எடுக்கும்போது விரல்தான் புதிது, இசை புதிதன்று.

இத்தகைய முறையைப் பிற நாட்டாரும் கண்டிருக்கின்றனர். தென்னமெரிக்காவில் வெனிசுவேலா நாட்டில் 1975-ஆம் ஆண்டு ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்பார், எளிய மக்களின் குழந்தைகளைக் கொண்டு இசைக்குழுக்கள் அமைக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். அங்கு மிகச் சிறிய குழந்தைகளுக்கு முதலில் உண்மைக் கருவியைத் தருவதில்லை. காகிதக்கூழாலும் அட்டையாலும் செய்த பொய்க்கருவியைத் தருவர். அதனை எவ்வாறு பிடிப்பது, எவ்வாறு கீழே வைப்பது, குழுவில் எவ்வாறு அமர்வது, நடத்துநரின் கையை எவ்வாறு நோக்குவது என்பனவே தொடக்கப் பாடங்கள். ஒலி எழுப்பாத வயலினைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும் அக்குழந்தைகளைப் பற்றிப் படித்தபோது, எனக்கு எங்கள் ஊர்க் கோயில் மண்டபம் நினைவிற்கு வந்தது.

ஏனெனில், யானும் ஒருகாலத்தில் அவ்வாறு நின்றவன். பத்து வயதில் எனக்கு நாகசுரத்தின்மீது தணியாத காதல் உண்டாயிற்று. எங்கள் ஊர்க் கோயில் வித்துவான் தெருக்கோடியில் இருந்தார். நாள்தோறும் அவர் வீட்டு வாயிலில் நின்றேன். பத்தாம் நாள் உள்ளே அழைத்தார். ஆறு திங்கள் தாளம் கொடுத்தார். பின்னர் ஒத்து. அந்நாளிலேயே சுருதிப் பெட்டி வந்துவிட்டது. ஆயினும் அவர் ஒத்தையே விரும்பினார்.

ஒத்து ஊதுபவன் மூச்சு வாங்க நிறுத்தலாகாது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதனை வாய்வழி வெளியே செலுத்திக்கொண்டிருக்கும்போதே மூக்கின் வழியே புதுக்காற்றை உள்ளிழுக்கவேண்டும். இதனைப் பழக்க அவர் கையாண்ட வழி வேடிக்கையானது. பப்பாளி இலைத் தண்டு ஒன்றை வெட்டி வரச்செய்தார். செம்பில் நீர் நிரப்பி, தண்டின் ஒரு முனையை நீரில் இட்டு மறு முனையில் ஊதச் சொன்னார். நீரில் குமிழி வந்துகொண்டே இருக்கவேண்டும். ஒரு கணமும் நிற்கலாகாது. முதல் வாரம் நீரைக் குடித்தேன். இரண்டாம் வாரம் தலை சுற்றியது. ஏழாம் வாரத்தில் ஒருநாள், எவ்வாறு நிகழ்ந்தது என்று அறியேன், குமிழி நிற்கவே இல்லை. பக்கத்தில் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த வித்துவான் செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்று ஒத்தை எடுத்து வந்தார்.

அப்பங்குனி உத்தரத் திருவிழாவில் இரவு உலாவுக்கு யான் ஒத்து. சுவாமி வடக்கு வீதி திரும்பி நின்றது. வித்துவான் தோடியை விரித்துக்கொண்டிருந்தார். பந்தங்களின் புகை மூக்கில் ஏறியது. எனக்கு இருமல் வந்துவிட்டது. சுருதி அறுந்தது. நடு ஆலாபனையில் சுருதி அறுவது, நடக்கிறவன் காலடியில் தரை விலகுவது போன்றது. யான் நடுங்கிப்போனேன். அவரோ, மேற்சஞ்சாரத்தில் இருந்தவர் அங்கேயே ஒரு சிறு நிறுத்தம் கொடுத்து, குழலை வாயினின்று எடுத்துச் சீவாளியைச் சரி செய்பவர் போல நின்றுவிட்டார். குழலில் தொங்கும் ஊசியால் சீவாளியை இருமுறை நீவினார். என் இருமல் அடங்கி ஒத்து மீண்டும் ஒலித்ததும், விட்ட இடத்தில் தொடங்கினார். ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. உலா முடிந்த பின்னும் அதுபற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. பல்லியத்தில் தலைவன் யார் என்பதை யான் கற்றது அந்நிமிடத்தில்தான். மேனி மறைக்கும் ஆடைபோல, தன் குழுவிற் சிறியவன் பிழையைத் தன்மேல் இழுத்து மறைத்தார் அவர்.

மறுநாள் யாரோ ஒருவர் என் பாட்டனாரிடம், “தங்கள் பேரன் மேளக்காரர் கூட்டத்தில் ஒத்து ஊதுகிறானே, தகுமா?” என்று கேட்டுவிட்டார். பாட்டனார், “போதும்” என்றார். அவ்வளவே. நன்னூற் சுவடி என் கைக்கு வந்தது. நன்னூல் எனக்குச் சோறு இட்டது. அதனைக் குறை கூறேன். ஆனால் இசைத்தொழிலையும் அதனைச் செய்வோரையும் தாழ்வாக எண்ணும் ஒரு பழைய அழுக்கு அந்த ஒரு சொல்லில் இருந்தது என்பதை மறைக்கவும் மாட்டேன். வித்துவான் அதன்பின் என்னைத் தெருவிற் காணும்போதெல்லாம், “மூச்சு எப்படி இருக்கிறது?” என்று மட்டும் கேட்பார்.

அவருக்குப் பின் அக்கோயிலில் வாசிக்க ஒருவரும் உருவாகவில்லை. இஃது என் ஊருக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆயினும் நினைக்கும்போது, தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டொன்று என் முன் வந்து நிற்கும். முதலாம் இராசராசன் அங்குத் திருப்பதியம் பாட நாற்பத்தெண்மரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும், ஆக ஐம்பதின்மரை நியமித்தான். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல். அவருள் ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அப்பணியைச் செய்து நெல்லைப் பெறலாம். அவ்வுறவினர் தகுதியற்றவராயின், தகுதியுடைய வேறொருவரைத் தேர்ந்து பாடச்செய்யவேண்டும் என்று விதித்தான். பிறப்பு மட்டும் போதாது, பயிற்சி வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்தனர். பிள்ளையைப் பயிற்றாத வீட்டில் முக்குறுணி நெல் வேறு வீட்டிற்குப் போயிற்று. பயிற்றுவார் எவ்வீட்டிலும் இல்லையென்றால் நெல் இருந்தும் பாட்டு இராது.

இனி, எக்கருவியை எப்பருவத்தில் தொடங்குவது என்னும் வினா. மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் என்கிறது சிலம்பு. எனில் ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்கியிருத்தல் வேண்டும். பாட்டும் ஆட்டமும் அவ்வயதில் தொடங்கலாம். ஊதுகருவிக்கு அஃது ஒவ்வாது. ஆறு வயதிலிருந்து எட்டு வயதிற்குள் முன்பற்கள் விழுந்து முளைக்கின்றன. உதடு நிலைகொள்ளாத அப்பருவத்தில் சீவாளியை வாயில் வைத்து அழுத்தினால் ஓசை வாராது, வருத்தமே வரும். நாகசுரத்தில் திமிரி என்பது குறுகியது, சுருதி மிக்கது. பாரி என்பது நெடியது, சுருதி தாழ்ந்தது. பாரியின் துளைகளைச் சிறுவர் விரல் எட்டாது. இன்று எங்கும் வழங்கும் பாரி, இராசரத்தினம் பிள்ளையின் வேண்டுகோளுக்கிணங்க நரசிங்கம்பேட்டை அரங்கநாதன் ஆசாரி கருத்தூன்றிச் செம்மைப்படுத்தியது. பழைய வீடுகளில் நெடுங்காலம் இருந்து உலர்ந்த ஆச்சா மரத்தை வாங்கி அவ்வூரார் கடையும் நாகசுரத்திற்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. தவிலோ பலாமரத்தாற் செய்த பளுவான கருவி. வலக்கை விரல்களுக்குக் கூடு மாட்டவேண்டும். இடக்கையிற் கோல் பிடிக்கவேண்டும். சிறுவன் தோளுக்கு அது தகாது. அவன் முதலிற் சொற்கட்டுகளை வாயாற் சொல்லிப் பழகட்டும். அமெரிக்க நாட்டுத் தொடக்கப் பள்ளிகளிலும் இசைக்குழுவிற் சேர்ப்பது பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில்தான். அதற்குமுன் ஒரு சிறு குழலையும் கைதட்டலையும் கொண்டு காலம் போக்குவர்.

பெற்றோர் செய்யவேண்டுவது சிறிதே. ஞாயிறன்று மூன்று மணி நேரம் என்பதைவிட நாள்தோறும் கால்மணி நேரம் சாலச் சிறந்தது. ஒருவர் வாய் வைத்த சீவாளியையும் ஊதுகுழலையும் கழுவாமல் மற்றொருவர் வாயில் வைக்கலாகாது. முதல் மூன்று திங்கள் வீட்டில் எழும் ஓசை இனிதாக இராது, அதனைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். தொலைக்காட்சியின் ஓசையைப் பொறுக்கும் செவிக்கு இஃது அரிதன்று. ஒருமுறையேனும் பக்கத்தில் அமர்ந்து கேட்டால், அதுவே பிள்ளைக்குப் பரிசு.

மேலும் பயில விரும்புவார்க்கு இப்போது வாயில்கள் திறந்திருக்கின்றன. காஞ்சிபுரத்தில் உள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் பன்னிரண்டு வயது நிறைந்தவர் சேர்ந்து மூன்றாண்டு பயிலலாம். குரலிசை, வயலின், மிருதங்கம் முதலியவற்றோடு நாகசுரம், தவில், தேவாரம் என்பனவும் அங்குக் கற்பிக்கப்படுகின்றன. எக்குடிப் பிறந்தவன் என்று அங்கே கேட்பார் இல்லை. ஆண்பாலார்க்கே உரியது என்று இருந்த நாகசுரத்தை மதுரை எம். எஸ். பொன்னுத்தாய் எடுத்து வாசித்துப் பெரும்புகழ் பெற்றபின், பெண்மக்களும் அதனைப் பயின்று வருகின்றனர். 2022-ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளில் நடைபெறும் கலைத் திருவிழாவிலும் கருவியிசைக்கு இடம் உண்டு. என் பாட்டனார் இவற்றைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று சிற்சில வேளை நினைப்பதுண்டு.

திண்ணைக்கு வருவோம். நெசவாளர் இன்னும் என் விடைக்குக் காத்திருந்தார்.

“தம்பி, நீங்கள் தறியில் அமர்ந்தது எந்த வயதில்?” என்று கேட்டேன்.

“பத்து வயதில், ஐயா. அப்பா கோர்வைப் புடவை நெய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா வீசுவேன்.”

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெய்பவர் ஒருவரே மூன்றையும் வீசுவது எளிதன்று. ஒருபக்கக் கரைக்கு உதவியாள் ஒருவர் வேண்டும்.

“நீங்கள் ஒரு முறை பிந்தினால்?”

“கோர்வை விட்டுப்போகும். உடலும் கரையும் சேராது. புடவையே கெட்டது” என்றவர், சொல்லிக்கொண்டே வந்து சட்டென நிறுத்தினார். பின்னர் மகன் தோளிலிருந்த பையைச் சிறிது நேரம் பார்த்தார்.

“கணக்கு?” என்று மெல்லக் கேட்டார்.

“கணக்கை என்னிடம் விட்டுவிடுங்கள். எட்டு அட்சரம் எண்ணத் தெரிந்தவனுக்கு எட்டாம் வாய்பாடு வாராமற் போகாது” என்றேன். அது சற்று மிகையான உறுதிமொழிதான். வாய்பாட்டிற்காக அதன்பின் யான் பட்ட பாடு பெரிது.

ஆகஸ்டு 15-ஆம் நாள் காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. சிறுவர்கள் வெள்ளுடை அணிந்து பள்ளியின் முன் அணிவகுத்து நடந்தனர். பெரிய முரசின் அடியில் இடக்கால் விழவேண்டும் என்பது அவர்கள் பயின்ற முறை. சேறாயிருந்த ஒரு திருப்பத்தில் பெரிய முரசுக்காரன் கால் வழுக்கிற்று. இரண்டு அடி தவறிவிட்டது. சிறு முரசுகள் தடுமாறின. கடைசி வரிசையிலிருந்து தாளம் மட்டும் தவறாமல் ஒலித்தது. பெரிய முரசுக்காரன் ஒருகணம் திரும்பிப் பார்த்தான். தாளக்காரன் தலையை அசைத்தான். அடுத்த இடக்காலில் முரசு வந்து சேர்ந்துகொண்டது. கூடியிருந்தோருள் இதனைக் கண்டவர் மிகச் சிலரே. வேலியோரம் நின்ற நெசவாளர் கண்டார்.

அன்று மாலை அவர் வீட்டுப் பக்கம் சென்றேன். சிறுவன் வாயிற்படியில் அமர்ந்து புளியும் சாம்பலும் இட்டுத் தாளங்களைத் துலக்கிக்கொண்டிருந்தான். துலக்கி முடித்து, ஓசை கெட்டுவிட்டதோ என்று பார்க்க மெல்ல ஒருமுறை மோதினான். உள்ளே தறியின் ஓசை நின்றது.

“இன்னொரு தரம் அடி” என்றார் தந்தை.